செவ்வாய்க்கிழமை விலை

கோர்னேட்டு,
ஜூன் 4, 2018

அன்புள்ள லிவியு,

உன் உடம்பு, மிரேலாவின் உடம்பு, பிள்ளைகளின் உடம்பு எல்லாம் எப்படி என்று முதலில் எழுது, மற்றதெல்லாம் பிறகு. என் உடம்பைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுபத்து மூன்று வயதில் எழுத ஒன்றுமில்லாமல் இருப்பதே நல்ல செய்தி.

போன மாதம் விழுந்த இடியில் தொலைபேசி போய்விட்டது. புதிது வாங்குவதாக இல்லை. நீயும் நானும் அதில் என்ன பேசினோம்? "அங்க மழையா?" "மழைதான்." "இங்க வெயில்." இதற்கு ஒரு கருவி தேவையில்லை. நான்காம் வகுப்பில் கையெழுத்துக்காக உனக்குப் பரிசு கொடுத்தார்கள். அது வீணாகாமல் கடிதம் எழுது. வேத்தா சித்தியின் கைபேசிக்கு அழைத்து என்னைக் கூப்பிடச் சொல்லாதே. வேலியைத் தாண்டி ஓடும் வயதைத் தாண்டிவிட்டேன்.

விஷயம் இதுதான். நவம்பர் வந்தால் உன் அம்மா போய் ஏழு வருடம். ஏழாம் வருட நினைவு விருந்துதான் கடைசி. அதற்கு மேல் போனவர்கள் தங்கள் பாட்டைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். அவளைப் புதைத்த அன்று நீ பேருந்தில் ஹங்கேரியைக் கடந்துகொண்டிருந்தாய். குறையாகச் சொல்லவில்லை. விமான விலை அப்படி இருந்தது என்றாய், நம்பினேன். ஆனால் இந்த முறை தேதி முன்கூட்டியே தெரிகிறது: நவம்பர் பத்து, சனிக்கிழமை. ஆகவே விமான டிக்கெட் எப்போது மலிவு, எப்போது வாங்கினால் லாபம் என்று விவரமாக எழுது. நாற்பது வருடம் கால்நடை வைத்தியம் பார்த்தவன் நான். பன்றிக்குட்டியை எந்த வாரம் வாங்க வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இது தெரியவில்லை.

பிள்ளைகளுக்கு முத்தம். தெனிசாவுக்கு நான் யாரென்று ஞாபகப்படுத்து.

அப்பா

*

லூட்டன்,
ஜூன் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் ஐரோப்பாவை நிதானமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு நலமாக வந்து சேர்ந்தது. நாங்களும் நலம். மிரேலாவுக்கு முதியோர் இல்லத்தில் பகல் வேலை கிடைத்துவிட்டது. தெனிசாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. கெவின் இப்போது தூக்கத்தில் ஆங்கிலத்தில் உளறுகிறான். எனக்குக் கிடங்கில் அதே வேலை, அதே முதுகு. நீங்கள் நலமென்று படித்து நிம்மதி.

சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறீர்கள். கிடங்கில் நம் ஊர்க்காரர்கள் யார் வீட்டுக்குப் போவதானாலும் மேலாளரிடம் விடுப்புக் கேட்பதற்கு முன்னால் என்னிடம் வருகிறார்கள். "லிவியு அண்ணே, க்ராயோவாவுக்கு இப்ப வாங்கலாமா, பொறுக்கலாமா?" நான் கொஞ்சம் யோசிப்பதுபோல் இருந்துவிட்டு, "பொறு" என்பேன். பெரும்பாலும் அதுதான் பதில்.

ரொம்ப முன்னால் வாங்குபவன் பயந்தவன். அவனிடம் நடுத்தர விலை கேட்பார்கள். கடைசி நேரத்தில் வாங்குபவன் வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகியிருக்கிறது. அவனிடம் என்ன கேட்டாலும் கொடுப்பான் என்று நிறுவனத்துக்குத் தெரியும். இரண்டுக்கும் நடுவில், பயணத்துக்கு ஏழெட்டு வாரம் இருக்கும்போது, அவர்கள் கணினி ஒரு நாள் அலுத்துப்போய் விலையைக் கீழே போடும். அன்றைக்குக் கையை நீட்ட வேண்டும். கடைசி மூன்று வாரத்தில் விலை காய்ச்சல் மாதிரி ஏறும். அது இறங்கி நான் பார்த்ததில்லை.

வெள்ளியும் ஞாயிறும் வசதியானவர்களுக்கு. செவ்வாயும் புதனும் நமக்கு. செவ்வாய்க்கிழமை யாருக்கும் எங்கேயும் போகத் தோன்றாது. ஆகஸ்டில் நம் ஆட்கள் எல்லோரும் புதுக் கார், புதுச் சங்கிலியோடு ஊருக்குப் போகிறார்கள். அப்போது கிட்டே போகக் கூடாது. கிறிஸ்துமஸ் கூடாது. ஈஸ்டர் கூடாது, அவர்களுடையதும், வேறு தேதியில் வரும் நம்முடையதும். இங்கே பள்ளிக்கூட விடுமுறை எதுவுமே கூடாது. இவ்வளவும் கழித்தால் மிஞ்சுவது நவம்பர். நவம்பரில் இந்தக் கண்டத்தில் யாரும் யாரையும் பார்க்க விரும்புவதில்லை. அம்மா நல்ல மாதம் பார்த்துத்தான் போயிருக்கிறார்கள். எனக்குத்தான் அப்போது விவரம் போதவில்லை.

விருந்து சனிக்கிழமை என்பதால் வெள்ளி வந்து திங்கள் திரும்ப வேண்டியிருக்கும். பரவாயில்லை, நவம்பர் அதை ஈடுகட்டிவிடும். பெட்டிக்குத் தனிக் கட்டணம். மூன்று ஸ்வெட்டர்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வருவோம்; யாரும் பருத்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

க்ராயோவா விமானம் காலை ஆறு மணிக்கு எங்கள் கூரைக்கு மேல்தான் போகிறது. சத்தத்தை வைத்தே அன்றைய விலையைச் சொல்வேன் என்று மிரேலா கேலி செய்கிறாள். செப்டம்பர் நடுவில் வாங்குகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் லிவியு

*

கோர்னேட்டு,
ஜூலை 8

அன்புள்ள லிவியு,

எல்லோரும் சௌக்கியம் என்று படித்தேன்; அப்படியே இருங்கள். நானும் இருக்கிறேன். மே மாதம் பல் விஷயமாக ஒரு வாரம் க்ராயோவாவில் இருந்தேன். இப்போது சித்தி தரும் சூப்தான் சாப்பாடு. சூப் நல்லது. சிகரெட்டையும் விட்டுவிட்டேன். ஐம்பது வருடப் பழக்கம் ஒரே நாளில் போய்விட்டது.

அவசரத்தில் இருப்பவனிடம் அதிகம் பிடுங்குகிறார்கள் என்று எழுதியிருந்தாய். இவர்களை எனக்குத் தெரியும். உழவு வாரத்தில் குதிரை செத்துப்போனவனிடம் சந்தையில் இப்படித்தான் பேசுவார்கள். "உன் கஷ்டம் எனக்குப் புரியுதுய்யா, அதனாலதான் இந்த விலை" என்பார்கள். ஆனால் ஒரு சந்தேகம். குதிரை எந்த வாரம் சாகும் என்று முன்பே தெரிந்தால் என்ன செய்வார்கள்? நான் பலபேருக்கு அப்படி முன்பே சொல்லியிருக்கிறேன். அநேகமாகச் சரியாக இருந்தது. கோவேறு கழுதைகள் மட்டும் என்னை ஏமாற்றின.

இப்போதே வாங்கிவிட முடியாதா? நவம்பருக்குப் பதிலாகச் செப்டம்பரில் வந்தால் என்ன? விருந்தைக் கொஞ்சம் முன்னால் வைத்தால் உன் அம்மா கோபித்துக்கொள்ளமாட்டாள். வித்தியாசத்தை நான் தருகிறேன். இந்த வருடம் பன்றி வளர்க்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு இங்கே யார் தின்பது?

யோசித்து எழுது.

அப்பா

*

லூட்டன்,
ஆகஸ்ட் 5

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமே வேண்டுகிறேன். கூடுதல் வேலை நேரம் வந்ததால் பதில் தாமதமாகிவிட்டது. சிகரெட்டை விட்டதற்கு இங்கே எல்லோரும் கைதட்டினோம். "உங்க அப்பா நூறு வயசு இருப்பாருங்க," என்றாள் மிரேலா.

இப்போது வாங்கச் சொல்லாதீர்கள். இன்றைய விலையைப் பார்த்தேன். இதைக் கொடுத்தேன் என்று தெரிந்தால் கிடங்கில் என் முகத்தில் முழிக்கமாட்டார்கள். செப்டம்பர் பயணமோ அதைவிட மோசம். பள்ளிக்கூடம் திறக்கிற மாதம், பிள்ளைகளை அனுப்பாவிட்டால் அபராதம் வேறு. நவம்பர் பத்து என்று நீங்களே நல்ல தேதியாகக் கொடுத்துவிட்டு நீங்களே அவசரப்படலாமா? மாட்டுக்கு மருந்து கொடுத்துவிட்டு வீட்டுக்காரனிடம் நீங்கள் என்ன சொல்வீர்கள்? "போட்டு உலுக்காத. பொறு." அதையே உங்களுக்குச் சொல்கிறேன்.

சூப்போடு கொஞ்சம் இறைச்சியும் சாப்பிடுங்கள். பல் ஆறியிருக்கும்.

உங்கள் லிவியு

*

கோர்னேட்டு,
செப்டம்பர் 1

லிவியு,

கடவுள் உங்கள் நாலு பேரையும் கண் கலங்காமல் வைக்கட்டும். என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது.

இது கடிதம் இல்லை. உனக்குக் கடிதம் எழுதமாட்டேன் என்று உன் அப்பாவிடம் சிலுவை போட்டுச் சத்தியம் செய்திருக்கிறேன். ஆகவே இதை வேறு ஏதாவது என்று வைத்துக்கொள்.

இடி எதுவும் விழவில்லை. தொலைபேசி நன்றாக இருக்கிறது. மேலே துணி போட்டு மூடி வைத்திருக்கிறார். போனது அவர் குரல். மே மாதம் க்ராயோவாவில் குரல்வளையை அறுத்து எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஓட்டை, அதன் வழியாகத்தான் மூச்சு. பேச்சு கிடையாது. நீ படித்த காலத்துச் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறார். எடுத்த பிறகும் புற்று கீழே இறங்கிவிட்டதாம். "இலை உதிர்ற வரைக்கும் பார்க்கலாம்," என்றார் டாக்டர். உன் அப்பா சிலேட்டில் "எந்த மரத்து இலை?" என்று எழுதிக் காட்டினார். டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை.

"பையனுக்குச் சொல்ல வேணாமா அத்தான்?" என்று கேட்டேன். "சொன்னால் அவசர விலைக்கு வாங்குவான்," என்று எழுதினார். எழுதிவிட்டு அதைத் தானே துடைத்தார்.

லிவியு, நீ ஒருத்தனாவது உடனே வந்துவிடு. விலை பார்க்காதே. நானே போனில் சொல்லியிருப்பேன், ஆனால் பகல் முழுக்க என் முற்றத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். குரல் போனாலும் காது கத்தி மாதிரி இருக்கிறது. ராத்திரி எட்டு மணிக்குப் படுத்துவிடுவார். அதற்கு மேல் என் கைபேசிக்குக் கூப்பிடு.

சித்தி

*

லூட்டன்,
செப்டம்பர் 20

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் முழங்காலுக்கு ஒரு களிம்பு தனியாக அனுப்பியிருக்கிறேன். நாங்கள் நலம்.

உங்கள் கடிதமல்லாத கடிதம் பத்தாம் தேதியே வந்துவிட்டது. கூப்பிடத்தான் நினைத்தேன். எட்டு மணிக்கு மேல் ஒவ்வொரு நாளும் ஏதோ ஒன்று வந்தது. போனில் இதையெல்லாம் பேச வராது, ஆகவே எழுதுகிறேன்.

படித்த அன்றே மிரேலா சொன்னாள்: "நாளைக்கே கிளம்பு. ஒத்த ஆளா போ." "ஒத்த ஆளுக்கு நாளைக்கு எவ்வளவு தெரியுமா?" என்றேன். "நான் அதைக் கேக்கவே இல்லையே," என்றாள். இப்படிப்பட்டவர்களை நம்பித்தான் இந்த நிறுவனங்கள் விமானம் வாங்குகின்றன. நான் கணக்குப் போட்டேன், சித்தி. இப்போது விடுப்பு எடுத்தால் நவம்பரில் தரமாட்டார்கள். அம்மாவின் அடக்கத்துக்குத்தான் வரவில்லை. ஏழாம் வருடத்துக்கும் வராமல் இருந்தால் ஊர் என்ன சொல்லும்? இப்போது திடீரென்று வந்து நின்றால் அப்பாவுக்கும் விஷயம் தெரிந்துவிடும், பயந்துவிடுவார். பயம் அவர் உடம்புக்கு நல்லதில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் விலை விழுந்தது. நான் சொன்ன அதே வாரம். நாலு பேருக்கும் வாங்கிவிட்டேன், தலைக்குப் பதின்மூன்று பவுண்டு. நவம்பர் ஒன்பது வெள்ளி, விடியற்காலை விமானம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எதற்காக வாங்குகிறேன் என்பது ஒரு காப்பி குடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

டாக்டர்கள் எப்போதும் குறைத்துத்தான் சொல்வார்கள். பிறகு கூடினால் அவர்களுக்குப் பெருமை. ஆகவே ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். பத்தாம் தேதி வரை தாங்குவாரா?

எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிய வேண்டாம்.

உங்கள் லிவியு

*

கோர்னேட்டு,
அக்டோபர் 2

அன்புள்ள லிவியு,

உங்கள் எல்லோருடைய நலத்தையும் நீ அனுப்பிய டிக்கெட் நகலில் அச்சிட்ட பெயர்களாகவே பார்த்துவிட்டேன். நாலு பெயர், எழுத்துப் பிழையில்லாமல். பதின்மூன்று பவுண்டு! சந்தையில் ஒரு வாத்துக்கு இதைவிடக் கூடுதலாகக் கேட்கிறார்கள், அதுவும் பறக்கத் தெரியாத வாத்து. நீ சொன்னது சரிதான் என்று ஒப்புக்கொள்கிறேன். நான் நலம்.

விருந்து ஏற்பாடு நடக்கிறது. உன் அம்மாவுடையதோடு என்னுடையதையும் சேர்த்து வைத்துவிடலாம் என்று ஒரு யோசனை. ஒரே அடுப்பு, ஒரே செலவு. உயிரோடு இருக்கும்போதே தன் நினைவு விருந்தைத் தானே வைத்துத் தானே சாப்பிடுவது நம் பக்கத்தில் புதிதில்லை. உன் தாத்தா இரண்டு முறை வைத்தார்; முதல் தடவை சமையல் பிடிக்கவில்லை. பாதிரியார் ஸம்பீர்தான் முறைத்தார். "உனக்கு என்னய்யா அவசரம், பாந்தெலி?" என்றார். பதில் சொல்லவில்லை. அவரே என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "சரி, நாள் பார்த்துக்க," என்றார்.

மறு உலகத்தில் உட்காருவதற்கு என்று விருந்தன்று யாருக்காவது ஒரு நாற்காலி தானம் கொடுக்க வேண்டும் அல்லவா. நல்லதாக வாங்கிவிட்டேன். அங்கே எவ்வளவு நேரம் காத்திருக்க வைப்பார்களோ தெரியாது, ஆகவே கடையிலேயே அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்துத்தான் வாங்கினேன்.

இரண்டு விஷயம் எழுது. ஒன்று, இந்த டிக்கெட்டின் தேதியை மாற்ற முடியுமா? சும்மா கேட்கிறேன். இரண்டு, உங்கள் ஊரில் இலையுதிர்காலப் பள்ளி விடுமுறை என்றைக்கு முடிகிறது?

அப்பா

*

லூட்டன்,
அக்டோபர் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கேயும் அப்படியே என்று நம்பி எழுதுகிறேன்.

தேதியை மாற்றலாம், ஆனால் மாற்றுவதற்கான கட்டணம் டிக்கெட்டைப் போல் மூன்று பங்கு. ஆகவே யாரும் மாற்றுவதில்லை. மலிவு டிக்கெட் என்பது சத்தியம் செய்துகொடுத்த மாதிரி. நாம் அவர்களுக்கு; அவர்கள் நமக்கு எதுவும் செய்துகொடுப்பதில்லை. மாற்ற வேண்டிய தேவையும் வராது. பத்தாம் தேதி எல்லோருக்கும் வசதியான நாள்.

விடுமுறை முடிந்து அக்டோபர் இருபத்தொன்பது, திங்கள் பள்ளிக்கூடம் திறக்கிறது. மறுநாளிலிருந்து இந்தப் பக்கத்து விமானங்களில் ஆளே இருக்கமாட்டார்கள். ஆனால் அதையும் முன்பே வாங்கி வைத்தவனுக்குத்தான் லாபம். இதை எதற்குக் கேட்டீர்கள் என்று தெரியவில்லை.

நாற்காலி விஷயத்தைப் படித்து மிரேலா சிரித்தாள், பிறகு அடுக்களைக்குப் போய்விட்டாள். இரண்டு விருந்தையும் ஒன்றாக வைக்க வேண்டாமே, அப்பா. உங்களுடையதற்கு இன்னும் எத்தனையோ வருடம் இருக்கிறது. அப்போது இன்னும் மலிவாக வருவேன்.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும். கழுத்துக்கு மப்ளர் சுற்றிக்கொள்ளுங்கள். சும்மா சொல்கிறேன்.

உங்கள் லிவியு

*

கோர்னேட்டு,
அக்டோபர் 22

லிவியு,

நலமாக இருங்கள். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துப் படி.

மப்ளர் சுற்றிக்கொண்டேன். சித்தியைத் திட்டவில்லை.

உன் ஜூன் மாதக் கடிதத்தை மறுபடி படித்தேன். செவ்வாய், புதன். நினைவில் வைத்திருக்கிறேன். மற்றவர்களுடைய மிருகங்களுக்கு நாள் குறித்தவனுக்கு இது பெரிய வேலையில்லை. உனக்கு அதிகம் செலவு வைக்கமாட்டேன்.

நவம்பர் ஒன்பதாம் தேதி டிக்கெட்டை வீணாக்காதே. அதிலும் வாருங்கள். பிள்ளைகளுக்குப் பாகில் போட்ட பிளம் பழம் அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. சித்திக்கு எட்டாத இடத்தில் வைத்தால் உங்களுக்கும் எட்டாது என்பதால் கீழே வைத்தேன்.

அப்பா

*

கோர்னேட்டு,
நவம்பர் 16

லிவியு,

சுகமாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று மிரேலா போனில் சொன்னாள். பிள்ளைகளுக்குச் சளி விட்டதா? என் முழங்காலுக்குக் களிம்பு கேட்கிறது.

நீங்கள் இங்கே இருந்த மூன்று நாளும் வீடு நிறைய ஆட்கள், அம்மாவின் விருந்து, பிள்ளைகள். சொல்ல வாய் வரவில்லை. நீயும் கேட்கவில்லை. ஆகவே இப்போது எழுதுகிறேன், இதைக் கடிதம் என்றே வைத்துக்கொள்.

அவர் தன் விருந்தைப் பத்தாம் தேதி வரை வைத்துக்கொண்டிருக்கவில்லை. அக்டோபர் இருபத்தேழு சனிக்கிழமையே வைத்துவிட்டார். அறுபது பேருக்குச் சமைத்தோம். மேசைத் தலைமாட்டில் மப்ளரோடு உட்கார்ந்து, வந்தவர்களின் தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பாதிரியார் இறந்தவர்கள் பெயரைப் படித்தபோது உன் அம்மா பெயரோடு தன் பெயரையும் படிக்கச் சொல்லிச் சிலேட்டைக் காட்டினார். "உயிரோட இருக்கிறவன் பேரை நான் படிக்கமாட்டேன்யா," என்றார் பாதிரியார். இவர் "ஒத்திகை" என்று எழுதிக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். வலது பக்கம் நாலு தட்டு வைக்கச் சொன்னார். யாரும் உட்காரவில்லை. சாப்பாடு ஆறிய பிறகு கோழிகளுக்குப் போட்டேன்.

நாற்காலியை நொண்டி மித்ருவுக்குக் கொடுத்தார்.

அன்று ராத்திரியிலிருந்து சூப்பைத் தொடவில்லை. கெஞ்சினேன், கத்தினேன். "தொண்டையில இறங்கலையா அத்தான்?" என்றேன். இல்லை என்று தலையாட்டினார். அது இறங்கவில்லை என்ற இல்லை அல்ல, வேண்டாம் என்ற இல்லை என்று எனக்குத் தெரியும். திங்கட்கிழமை சாயங்காலம் சிலேட்டைக் கேட்டார். "நாளைக்கு?" என்று எழுதினார். "செவ்வாய்," என்றேன். "பள்ளிக்கூடம்?" என்று எழுதினார். எந்தப் பள்ளிக்கூடம், புத்தி தடுமாறுகிறது என்று நினைத்து, "திறந்தாச்சு, எல்லாம் திறந்தாச்சு, தூங்குங்க," என்றேன். தலையாட்டினார். ரொம்ப நாளைக்குப் பிறகு முகம் தெளிவாக இருந்தது.

விடிந்தபோது போயிருந்தார். உனக்குக் கூப்பிட்டேன். "அஞ்சு நிமிஷத்துல கூப்பிடறேன் சித்தி," என்றாய்.

கைபேசியை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டுதான் அவரைக் குளிப்பாட்டினேன், உடை மாற்றினேன். அடக்கம் வியாழக்கிழமை. செவ்வாய் முழுக்க ஒலிக்கவில்லை. புதன்கிழமை மத்தியானம் மிரேலா கூப்பிட்டு, "அவரால பேச முடியல சித்தி," என்றாள். அதுவரை பாதிரியாரிடம், "பையன் வழியில இருக்கான்," என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகுதான் உன் கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். மேலே இருந்தது அக்டோபர் மாதத்தது. பள்ளிக்கூடம் என்றால் எது என்று அப்போது புரிந்தது. அவர் உனக்காக நாள் பார்த்திருக்கிறார், லிவியு.

கோபத்தில் எழுதவில்லை. டிசம்பர் எட்டு நாற்பதாம் நாள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய விரத காலம், ஆகவே பீன்ஸும் முட்டைக்கோசும்தான்.

சித்தி

*

லூட்டன்,
நவம்பர் 28

அன்புள்ள சித்திக்கு,

பிள்ளைகளுக்குச் சளி விட்டுவிட்டது. களிம்பு இரண்டு குழாய் அனுப்பியிருக்கிறேன். ஒன்று முழங்காலுக்கு, ஒன்று கையிருப்பு.

ஒன்பதாம் தேதி விமானத்தில் நடந்ததை எழுதுகிறேன். பக்கத்து இருக்கையில் பெட்ஃபோர்டில் சுவர் பூசும் ஒருத்தர், நம் மாவட்டத்துக்காரர். கருப்புச் சட்டை போட்டிருந்தார்.

"மாமியா தவறிட்டாங்க," என்றார். "நேத்து சாயங்காலம்தான் சேதி வந்துச்சு. நேத்து ராத்திரியே டிக்கெட் போட்டேன்."

எனக்கு வழக்கமான இரக்கம் வந்தது. "பாவம். எவ்வளவு பிடுங்கினாங்க?"

"பத்து பவுண்டு."

"எவ்வளவு?"

"பத்துங்க. திரும்பிப் பாருங்க, பாதி சீட்டு காலியாத்தான போகுது. பள்ளிக்கூடம் திறந்தப்புறம் இப்படித்தான் சும்மா தூக்கிக் குடுக்கறாங்க. போன வாரம் என் தம்பி போனான், புதன்கிழமை. அவனுக்கும் அதே விலை. நீங்க எவ்வளவு போட்டீங்க?"

"பதிமூணு."

"அடடா. முன்னாடியே வாங்கிட்டீங்களா? ஏமாந்துட்டீங்களே அண்ணே."

மிரேலா என் பக்கம் திரும்பினாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். க்ராயோவா வரும்வரை மேகத்தைத்தான் பார்த்தாள்.

அஞ்சு நிமிஷத்தில் கூப்பிடுகிறேன் என்று வைத்தேன் அல்லவா. விலை பார்ப்பதற்காக வைத்தேன் என்றுதான் நீங்களும் மிரேலாவும் நினைத்திருப்பீர்கள். நான் பார்க்கவில்லை, சித்தி. கைபேசி கையில்தான் இருந்தது. மறுநாள் டிக்கெட் என்ன விலை இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததை எதற்குப் பார்ப்பது?

கிடங்கில் இதை யாரிடமும் சொல்லவில்லை. போன வாரம் கூட ஒரு பையன் வந்து, "அண்ணே, அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, இப்ப வாங்கலாமா, பொறுக்கலாமா?" என்று கேட்டான். "எனக்குத் தெரியாது," என்றேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே போய்விட்டான். வாங்கினானா என்று தெரியவில்லை.

நாற்பதாம் நாளுக்கு மிரேலா எனக்கு டிக்கெட் வாங்கியிருக்கிறாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. விலை எவ்வளவு என்று நானும் கேட்கவில்லை.

பிளம் பழம் தீர்ந்துவிட்டது. பாட்டிலைக் கழுவி ஜன்னலில் வைத்திருக்கிறோம். காலை ஆறு மணிக்கு க்ராயோவா விமானம் கூரைக்கு மேல் போகும்போது அது லேசாக அதிர்கிறது. இன்று கெவின் சீக்கிரம் எழுந்துவிட்டான். அண்ணாந்து பார்த்துவிட்டு, "அதுல நமக்கு இடம் இருந்திருக்குமாப்பா?" என்று கேட்டான்.

இருந்திருக்கும் என்றேன்.

இங்கு எல்லோரும் நலம்.

லிவியு